‘ஒன்ஸ் மோர்’ என்ற உரிமை

சொந்தமாகக் கிடைத்த முதல் இசைத்தட்டு எது என்று அறுபதைக் கடந்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவார்கள். படத்தின் பெயர், உறையில் இருந்த படம், எந்தப் பக்கத்தில் எந்தப் பாட்டு, எந்த வரியில் ஊசி துள்ளும் என்பதுவரை வந்துவிடும். ஐம்பதை ஒட்டியவர்கள் இதே துல்லியத்தோடு ஒரு கேசட்டைப் பற்றிச் சொல்வார்கள். இன்றைக்கு இருபது வயதில் இருப்பவருக்கு அந்தக் கேள்வியே சரியாகப் பொருந்தாது. அவருக்குப் பிடித்த பாட்டுகள் ஆயிரம் இருக்கலாம். ‘இதுதான் என் முதல் பாட்டு’ என்று எடுத்துக் காட்ட ஒன்றும் இருக்காது. இந்த வேறுபாட்டுக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் காரணம், அந்தக் காலத்துப் பாட்டு அப்படி என்பது. இது சரியான காரணமாகத் தெரியவில்லை. முதல் இசைத்தட்டாக அமைந்தவற்றில் சாதாரணப் பாட்டுகளும் ஏராளம், அவையும் மறக்கவில்லை. ஒரு பாட்டை நினைத்தபோதெல்லாம் திரும்பக் கேட்கும் உரிமையும், அதைவிட்டால் கேட்க வேறொன்றும் இல்லாத பற்றாக்குறையும் ஒரே பொருளில் சேர்ந்திருந்தன. அந்தச் சேர்க்கையே நினைவை உண்டாக்கியது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

உரிமையிலிருந்து தொடங்கலாம். இசைத்தட்டுக்கு முன்னால் பாட்டைத் திரும்பக் கேட்பது பாடுபவரின் தயவில் இருந்தது. தமிழ் நாடக மேடையில் பிடித்த பாட்டு முடிந்ததும் கொட்டகையிலிருந்து ‘ஒன்ஸ் மோர்’ என்று குரல் எழும். நடிகர் மறுபடி பாடுவார். எஸ்.ஜி. கிட்டப்பாவின் நாடகங்களில் இது இயல்பான காட்சி. ஆனால் அந்த ஒன்ஸ் மோர் கூட்டமாகக் கேட்டுப் பெற வேண்டியது. கூட்டத்தில் ஒருவருக்கு மட்டும் பிடித்த பாட்டு திரும்ப வராது. ஆட்டம் முடிந்தபின் எவருக்குமே வராது. கிராமபோன் வந்ததும் இந்த அதிகாரம் தனி மனிதரின் கைக்கு மாறியது. எமில் பெர்லினர் 1887இல் காப்புரிமை பெற்ற தட்டையான இசைத்தட்டு, 15 ஆண்டுகளில் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. 1902இல் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். பாட்டின் முடிவில் கௌஹர் ஜான் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்லி முடிப்பார். ஜெர்மனியின் ஹானோவரில் தட்டு அச்சிடுபவர்களுக்கு எது யாருடைய பாட்டு என்று தெரிய வேண்டுமே. அடுத்த சில ஆண்டுகளில் கோயம்புத்தூர் தாயி உள்ளிட்ட தென்னகப் பாடகிகளின் குரல்களும் தட்டேறின. கிட்டப்பா 1933இல் இறந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அவர் திரைப்படம் எதிலும் நடித்ததுமில்லை. இன்று நம் காதில் விழும் கிட்டப்பா முழுக்க முழுக்க இசைத்தட்டின் கிட்டப்பாதான். கொட்டகையில் ஒரு கூட்டமே கத்திக் கேட்ட ஒன்ஸ் மோரை, பெட்டிக்குச் சாவி கொடுக்கத் தெரிந்த ஒருவர் தனியாக, சத்தமில்லாமல், எத்தனை முறை வேண்டுமானாலும் பெற்றுக்கொள்ள முடிந்தது.

இனி பற்றாக்குறை. தொடக்ககாலத் தட்டு அரக்கால் ஆனது. மரக்கிளைகளில் வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசினே அரக்கு. உலகத்துக்கு அதைப் பெருமளவில் அனுப்பி வைத்தது இந்தியா. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பத்து அங்குல அரக்குத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய 3 நிமிடம் பாடும். கீழே விழுந்தால் உடைந்துவிடும். எஃகு ஊசியை ஒரு பக்கத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்னார்கள். மாற்றாவிட்டால் தேய்ந்த ஊசி தட்டின் வரிப்பள்ளத்தை அறுக்கும். ஆகவே ஒவ்வொரு முறை கேட்பதற்கும் ஒரு சின்ன விலை இருந்தது. கச்சேரியில் ஒரு மணி நேரம் விரியும் ராகத்தை வித்வான்கள் இந்த 3 நிமிடத்துக்குள் மடித்து வைக்க வேண்டியிருந்தது. இதனால் கேட்பவருக்கு ஒரு நன்மையும் கிடைத்தது. நீண்ட ஆலாபனையை யாராலும் அப்படியே மனத்தில் வைத்துக்கொள்ள முடியாது. 3 நிமிடச் சுருக்கத்தை ஓர் அசைவு பிசகாமல் வைத்துக்கொள்ள முடியும். 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் வினைல் எல்பியை வெளியிட்டது. ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் இசை கிடைத்தது. இந்தியாவில் பழையது அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. மின்சாரம் எட்டாத ஊர்களில் சாவி கொடுத்துச் சுற்றும் பெட்டிகளே இருந்ததால், மேலைநாடுகள் கைவிட்ட பிறகும் 1960களில் பீட்டில்ஸ் பாடல்கள்கூட இங்கே 78 சுற்றுத் தட்டாக வெளிவந்தன. எந்த வடிவமாக இருந்தாலும், நடுத்தர வீட்டில் தட்டு என்பது தீபாவளிக்கோ பொங்கலுக்கோ யோசித்து வாங்கும் பொருள். முதல் தட்டுக்கும் இரண்டாவது தட்டுக்கும் இடையே மாதங்கள் ஓடும். அந்த மாதங்கள் முழுக்க வீட்டில் இருந்தது அந்த ஒரு தட்டுதான்.

அந்த மாதங்களில் என்ன நடந்திருக்கும் என்பதற்கு நல்ல சாட்சி தட்டின் மறுபக்கம். ஒருவர் கடைக்குப் போவது ஒரு பாட்டுக்காக. வீட்டுக்கு வருவது இரண்டு பாட்டோடு. 45 சுற்று ஈபி தட்டாக இருந்தால் பக்கத்துக்கு இரண்டாக நான்கு. வாங்கிய பாட்டு முதல் வாரத்தில் சலிக்கும். சலித்த பிறகு கை தானாகத் தட்டைத் திருப்பும். அங்கே யாரும் சிபாரிசு செய்யாத, தியேட்டரில் எழுந்து வெளியே போக வைத்த ஒரு பாட்டு இருக்கும். வேறு வழியில்லாமல் அதைக் கேட்பார்கள். பத்தாவது முறையில் அதன் இடையிசையில் ஒரு புல்லாங்குழல் இருப்பது தெரியும். இருபதாவது முறையில் அந்தப் பாட்டே பிடித்துப் போயிருக்கும். பிறகு முதல் பாட்டுக்குத் திரும்பினால் அதிலும் முன்பு காதில் விழாத தபலாவின் நடை கேட்கும். சலிப்பு இங்கே ஒரு வாசல். அதைக் கடந்து போனவருக்குத்தான் பாட்டின் உள்கட்டு தெரிந்தது. கடந்து போகும்படி அவரை வைத்தது ரசனையின் உயர்வு என்பதைவிட, அலமாரியில் வேறு தட்டு இல்லாதது என்பதே உண்மை.

திரும்பக் கேட்பது பிடித்தத்தை வளர்க்கும் என்பதற்கு உளவியல் ஆதாரம் உண்டு. 1968இல் ராபர்ட் ஸையோன்ஸ் என்ற உளவியலாளர், அர்த்தமற்ற சொற்களிலும் அறிமுகமில்லாத முகங்களிலும் சிலவற்றைப் பலமுறையும் சிலவற்றைச் சில முறையும் காட்டினார். அதிக முறை கண்ணில் பட்டதே அதிகம் பிடித்தது. இசைக்கு இது எப்படிப் பொருந்தும் என்பதை எலிசபெத் மர்கூலிஸ் ஆராய்ந்தார். லூசியானோ பெரியோ, எலியட் கார்ட்டர் ஆகியோரின் நவீன இசைத்துண்டுகளில் திரும்பவரும் பகுதிகள் பெரும்பாலும் இருக்காது. அவற்றை எடுத்துக்கொண்டு, சில பகுதிகளைக் கணினியால் வெட்டி மறுபடி ஒட்டினார். எந்த அழகியல் நோக்கமும் இல்லாமல் செய்த அந்த ஒட்டு வேலையைத்தான் கேட்டவர்கள் மூலத்தைவிட ரசித்தார்கள். மனிதர் எழுதிய இசையாக இருக்க வாய்ப்பு அதிகம் என்றும் அதையே சொன்னார்கள். நம் இசைக்கு இது புதிய செய்தி இல்லை. பல்லவிக்குத் திரும்பாத கீர்த்தனை ஏது? ஒரே வரியைச் சங்கதி சங்கதியாகத் திருப்பிப் பாடும்போது, வரி மாறாமல் இருப்பதால்தான் மாறுவது காதுக்குத் தெரிகிறது. இசைத்தட்டு இந்தத் திரும்பலை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. அதில் ஒலி எதுவும் மாறாது. கேட்பவர் மட்டும் மாறுவார். ஒவ்வொரு முறையும் அவர் கவனம் வேறோர் இடத்தில் போய் நிற்கும்.

இந்த வாதத்துக்கு எழக்கூடிய முதல் மறுப்பு வயதைப் பற்றியது. இளமையில் கேட்டது எதுவும் மறக்காது. முதல் தட்டு இளமையில் வந்தது, அவ்வளவுதான் என்பார்கள். பதின்பருவம் முதல் முப்பது வயதுக்குள் நடந்தவை பிற்காலத்தில் அடர்த்தியாக நினைவுக்கு வருவதை ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வயதில் ஒருவர் நூற்றுக்கணக்கான பாட்டுகளைக் கேட்டிருப்பார். அத்தனையிலும் முதல் தட்டில் இருந்தவை மட்டும் இடையிசை, இருமல், கீறல் உட்பட ஏன் நிற்கின்றன என்பதற்கு வயது பதில் சொல்வதில்லை. 2013இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கேரல் கிரம்ஹான்ஸல் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இன்னொரு திசையைக் காட்டுகிறது. இருபது வயதை ஒட்டிய மாணவர்களுக்குப் பல பத்தாண்டுகளின் புகழ்பெற்ற பாடல்களைப் போட்டுக் காட்டினார்கள். தங்கள் காலத்துப் பாடல்களோடு, தங்கள் பெற்றோரின் இளமைக்காலத்துப் பாடல்களோடும் அவர்களுக்கு வலுவான நினைவுகள் ஒட்டியிருந்தன. அந்தப் பாடல்கள் வந்தபோது இவர்கள் பிறக்கவே இல்லை. வீட்டில் பெற்றோர் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டவை பிள்ளைகளிடம் இறங்கியிருக்கின்றன என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். தமிழ் வீடுகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் 1960களில் எல்பியாக வந்தது. விடிகாலையில் அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் அதை விரும்பிக் கேட்டிருப்பார்கள்? சமஸ்கிருதம் தெரியாதவர்களுக்கும் அடுத்த அடி நாவில் வருகிறது என்றால், அது தினமும் ஒலித்ததன் விளைவு.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. முதல் இசைத்தட்டு நினைவு என்பதே வசதி படைத்தவர்களின் நினைவல்லவா? சரிதான். 1930களில் கிராமபோன் பெட்டி எல்லார் வீட்டிலும் இருந்ததில்லை. ஏவி.எம். மெய்யப்பன் படத்தயாரிப்புக்கு வருமுன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலம் இசைத்தட்டு வியாபாரத்தில் இருந்தார். புராண நாடகங்களைப் பல தட்டுகள் கொண்ட தொகுதியாக விற்ற காலம் அது. அவற்றை வாங்கியவர்கள் சிலர், கேட்டவர்கள் பலர். பெட்டி இருந்த வீட்டுத் திண்ணையில், காப்பிக் கடை வாசலில், பிறகு கல்யாண வீட்டின் கூம்பு ஸ்பீக்கரில் ஊரே கேட்டது. மைக் செட்காரரிடம் இருந்த தட்டுகள் ஒரு பெட்டி அளவுதான். கோயில் கொடைக்கும் காதுகுத்துக்கும் அதே தட்டுகள்தான் சுழன்றன. ‘திருவிளையாடல்’ வசனத் தட்டைத் திருவிழாக்களில் கேட்டே முழு வசனத்தையும் ஒப்பித்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அவர்களிடம் தட்டு இல்லை. திரும்பக் கேட்ட அனுபவம் இருந்தது. எனவே இந்த மறுப்பு வாதத்தைக் கவிழ்க்கவில்லை. கொஞ்சம் திருத்திப் பலப்படுத்துகிறது. உடைமையைவிடத் திரும்பக் கேட்டதே நினைவின் அடிப்படை. ஆனால் அந்தக் கேட்பவர்களுக்கு உரிமை இல்லை என்பதும் உண்மை. மைக் செட்காரர் மனம்வைத்தால்தான் பாட்டு.

வானொலி அந்தக் குறையைத் தீர்க்கவில்லை; கூட்டியது என்றுகூடச் சொல்லலாம். 1952இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியது. கேட்க விரும்பியவர்கள் இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். 1957இல் விவிதபாரதி வந்த பிறகுதான் நிலை மாறியது. இரண்டு நிலையங்களின் கதையிலும் பொதுவாக இருந்தவை நேயர் விருப்பமும் அதற்காகப் போன அஞ்சலட்டைகளும். நாடகக் கொட்டகையின் ஒன்ஸ் மோர் இப்போது தபாலில் போனது. பாட்டு எப்போது வரும் என்பது நிலையத்தின் கையில் இருந்தது. வரும் நேரத்தில் மின்சாரம் போனால் அதுவும் இல்லை. இத்தனை காலம் காத்திருந்த ஒரு பாட்டு கடைசியில் சொந்தமாகக் கைக்கு வந்த நாளை ஒருவர் மறக்காததில் என்ன வியப்பு? மேலைநாட்டுச் சிறுவனுக்கு முதல் ரெக்கார்டு பெரும்பாலும் சொந்தக் காசில் கிடைத்த விடுதலையின் அடையாளம். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பலருக்கு அது காத்திருப்பின் முடிவு.

பொருளே முக்கியம், கையில் ஏந்திய கறுப்புத் தட்டின் கவர்ச்சியே நினைவுக்குக் காரணம் என்று சொல்பவர்களுக்குக் கேசட்டே பதில். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகம் செய்த கேசட் 1980களில் இந்தியாவில் பரவியபோது, பல ஆண்டுகளாகக் கிராமபோன் கம்பெனி வைத்திருந்த ஏகபோகம் உடைந்தது. இதை விரிவாக எழுதிய பீட்டர் மானுவல் 1993இல் தன் நூலுக்கு ‘கேசட் கல்ச்சர்’ என்றே பெயர் வைத்தார். தட்டு வாங்க முடியாத வீடுகளுக்கு டேப் ரெக்கார்டர் வந்தது. ஊர்தோறும் பாட்டுப் பதிந்து தரும் கடைகள் முளைத்தன. காலி டிடிகே கேசட்டையும் கையால் எழுதிய பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு வந்தால் சில நாளில் பதிந்து கிடைக்கும். அந்தப் பிளாஸ்டிக் பெட்டியில் அழகான உறை இல்லை. சட்டப்படியான உரிமைகூட இல்லை. இருந்தும் அந்த முதல் கேசட் தட்டுக்குச் சமமாக நினைவில் நிற்கிறது. 60 நிமிடத்தில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று இரவெல்லாம் யோசித்துப் போட்ட பட்டியல் அது. இன்னொன்று பதியக் காசு சேரும்வரை அதுவே கதி. உரிமையும் பற்றாக்குறையும் அங்கேயும் இணைந்திருந்தன. பாட்டுப் பட்டியலின் வரிசைகூட மனத்தில் பதிந்துவிட்டது. அதே பாட்டை இன்று எங்காவது கேட்டாலும், முடிந்த கணத்தில் அந்தக் கேசட்டின் அடுத்த பாட்டை மனம் எதிர்பார்க்கிறது.

மூன்றாவது மறுப்பை இளைஞர்கள் எழுப்புவார்கள். திரும்பக் கேட்பதுதான் விஷயம் என்றால், இன்றைய போனில் அது ஒரு விரல் தட்டுதான். நாங்களும் ஒரே பாட்டை நாள் முழுக்க ஓட விடுகிறோம், உங்களைவிட எங்களிடம் உரிமை அதிகம் என்பார்கள். உரிமை அதிகம் என்பதில் ஐயமில்லை. ஆனால் சலிப்பு தட்டும் இடத்தில் இரண்டு தலைமுறைகளும் பிரிகின்றன. ஸ்ட்ரீமிங் செயலியில் கோடிக்கணக்கான பாட்டுகள் காத்திருக்கின்றன. அடுத்ததை அதுவே எடுத்துப் போடுகிறது. பாட்டு பிடிக்காவிட்டால் முதல் சில நொடிகளிலேயே தாண்டிவிடலாம். பிடித்த பாட்டு சலித்தாலும் தாண்டிவிடலாம். தட்டின் மறுபக்கத்துக்கு இணையான ஒன்று அங்கே இல்லை. கட்டாயத்தால் கேட்டுப் பிறகு நேசித்த பாட்டு என்ற வகையே அநேகமாக இல்லாமல் போகிறது. அதற்குப் பதிலாக அவர்களுக்குக் கிடைப்பது அகலம். ஒரு மாலையில் மதுரை சோமுவையும் கொரிய பாப்பையும் கேட்கும் வாய்ப்பு அந்தக் காலச் செல்வந்தருக்கும் இருந்ததில்லை. அகலம் தாழ்ந்தது என்று சொல்ல வரவில்லை. ஆழத்தைத் தானாகத் தந்துகொண்டிருந்த ஏற்பாடு போய்விட்டது; இப்போது அதை விரும்புபவர் தாமே தேடிக்கொள்ள வேண்டும் என்பதே சொல்ல வந்தது.

கடைசி மறுப்பு நினைவையே சந்தேகிப்பது. முதல் தட்டு எது என்று சொல்லும்போது மனிதர்கள் கொஞ்சம் அலங்கரித்துக்கொள்வார்கள். குழந்தைப் பாட்டுத் தட்டை மறைத்துவிட்டு வீணை தனம்மாளைச் சொல்வார்கள். நடக்கக்கூடியதே. பெயரைப் பொறுத்தவரை நினைவு நம்பத் தக்கதல்ல. ஆனால் இங்கே சான்றாக எடுத்துக்கொள்வது பெயரை அல்ல. எந்தச் சொல்லில் ஊசி துள்ளும், எந்தப் பாட்டுக்கு அடுத்தது எது, பாடகர் எங்கே மூச்சு வாங்குவார் என்ற விவரங்களைக் கௌரவத்துக்காக யாரும் கற்பனை செய்வதில்லை. அவை பலமுறை கேட்டதால் மட்டுமே தங்கும் விவரங்கள்.

அப்படியானால் தட்டை மறுபடி வாங்கினால் போதுமா? அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டு வினைல் தட்டுகளின் விற்பனை வருவாய் குறுந்தகட்டை முந்தியது. 1980களுக்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல்முறை. இங்கேயும் பழைய தட்டுகளைத் தேடி அலைபவர்கள் பெருகியிருக்கிறார்கள். ஆனால் நூறு தட்டுகளை ஒரே மாதத்தில் வாங்கி அடுக்குபவருக்கு ஒரே ஒரு தட்டு வைத்திருந்தவரின் காது கிடைக்காது. பொருள் திரும்பும், பற்றாக்குறை திரும்பாது. திரும்ப வேண்டும் என்று ஆசைப்படவும் கூடாது. அந்தப் பற்றாக்குறையால் ஊர் முழுக்க ஒருவர் தயவில் பாட்டுக் கேட்டது. ஒரு கம்பெனி வைத்ததே விலையாக இருந்தது. அந்த ஏழ்மையைப் பொற்காலம் ஆக்குவது நியாயமில்லை. எடுத்துக்கொள்ளத் தக்கது அதன் ஒழுங்கு மட்டும்: ஒரு மாதத்துக்கு ஒரே தொகுப்பு, தாண்டாமல், வரிசை மாற்றாமல், பிடிக்காத பாட்டையும் சேர்த்து. பிள்ளைக்கு முதல்முறை இசை வாங்கித் தரும் பெற்றோர் எல்லையில்லாச் சந்தாவோடு இப்படி ஒரு சின்ன எல்லையையும் சேர்த்துத் தரலாம். ஏராளம் எப்படியும் வந்து சேர்ந்துவிடும். எதையாவது ஒன்றை முழுதாகக் கேட்டுப் பழகிய காதுக்குத்தான் அந்த ஏராளம் பயன்படும்.